கொல்லைப்புறத்தில் ஒரு காடு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் பகலில் பயணம் செய்பவரின் கண்ணில் முதலில் படுபவை, புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள். அடுத்து, தொழிற்சாலை மதில்கள். மதிலுக்குள் ஒரே உயரத்தில் வெட்டப்பட்ட புல்வெளி. இவற்றுக்கு நடுவே ஏரிகளும் இருக்கின்றன என்பது, வண்டியை நிறுத்தி இறங்கினால்தான் தெரியும். அண்மையில் அப்படி ஒரு கரையில் சிறிது நேரம் நின்றிருந்தேன். மின்கம்பியில் இரட்டைவால் கரிச்சான் ஒன்று உட்கார்ந்திருந்தது. சேற்றோரம் மடையான் அசையாமல் நின்றது. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நான் எதிர்பார்த்த இடத்தை விட்டு வேறோரிடத்தில் தலை காட்டியது. ஷிஃப்ட் முடிந்து வந்த பேருந்து ஒன்று சாலையில் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. யாரும் ஏரிப்பக்கம் திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர்களுக்கு முக்குளிப்பான் ஒரு பொருட்டாக இருக்க முடியாது.

ஆனால், ஒரு கேள்வி எழுந்தது. இந்த ஊர்கள் வயலும் புதரும் ஏரியுமாக மட்டும் இருந்த காலத்தில் இங்கே என்னவெல்லாம் வாழ்ந்தன என்பதை, நாள்தோறும் பார்த்து எழுதிவைத்தவர் எவரேனும் உண்டா? அப்போது நினைவுக்கு வந்தவர் மா. கிருஷ்ணன். இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மயிலாப்பூரில் வாழ்ந்தவர். ஓவியர், ஒளிப்படக் கலைஞர், எழுத்தாளர், இயற்கையியலர். அவர் மறைந்தது 1996 பிப்ரவரி 18 அன்று. அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஹுண்டாய் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் ஆலை இருங்காட்டுக்கோட்டையில் எழுந்தது. பெயருக்குள்ளேயே ஒரு காட்டை வைத்திருக்கும் ஊர் அது. 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. பிறகு நடந்ததை நாடறியும். இந்த வட்டாரம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கிய ஆண்டில், இத்தகைய மாற்றங்களைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கண்மூடினார் என்பது தற்செயல்தான். எனினும், அந்த மனிதரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க அது ஒரு காரணமாகிறது.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை அ. மாதவையா, தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் ‘பத்மாவதி சரித்திரம்’, ‘முத்துமீனாட்சி’ ஆகியவற்றை எழுதியவர். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் பெருங்குளம்தான் அவருடைய பூர்விகம். உப்பு, கலால் துறையில் அதிகாரியாக இருந்தவர், எழுதுவதற்காகவே முன்கூட்டி ஓய்வு பெற்றார். மயிலாப்பூரில் வீடு கட்டி, அச்சகம் வைத்து, ‘பஞ்சாமிர்தம்’ என்ற இதழையும் நடத்தினார். எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், அந்த வீடு பெருங்குளம் இல்லம் என்று சொந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்றது. ஊரின் ஏரியைச் சென்னைக்குக் கொண்டுவர முடியாதவர்கள் பெயரையாவது கொண்டுவருகிறார்கள்.

எழுத்து அந்தக் குடும்பத்தில் காற்றைப் போலப் பரவியிருந்தது. தமிழில் அறிவியலை எளிய நடையில் எழுதிய பெ.நா. அப்புசுவாமி, மாதவையாவின் உறவினர். கிருஷ்ணனின் அண்ணன் மா. அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். அதிகாரியாகிப் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். ஆங்கிலத்தில் ‘தி சில்வர் பில்கிரிமேஜ்’ என்ற நாவலையும் எழுதினார். இத்தகைய வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறப்பது ஒரு வகையில் சுகம், ஒரு வகையில் சுமை.

1925 அக்டோபரில் மாதவையா சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் பேசினார். பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பதுதான் பொருள். பேசி முடித்து அமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. அதன் பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவர் மூத்த சகோதரி லட்சுமி. கிருஷ்ணனின் பிற்கால வாழ்க்கையில் நாம் காணும் வளையாத தன்மைக்கும், எவருக்கும் கீழே வேலை பார்க்க விரும்பாத மனத்துக்கும் தந்தையின் வாழ்க்கையே வித்து என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையை உதறிவிட்டுப் பேனாவை நம்பிய தந்தையை அருகிருந்து பார்த்த சிறுவன் அவர்.

அன்றைய மயிலாப்பூரை இன்று கற்பனை செய்வது கடினம். வீடுகளுக்கு அப்பால் புதர்க்காடு தொடங்கிவிடும். பறவைகளுக்குக் குறைவில்லை, நரியும் வெளிமானும் அந்தப் பகுதியில் உலவின. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். நாயையோ கிளியையோ வளர்ப்பது போன்றதன்று இது. கீரி கூண்டுக்கும் கட்டளைக்கும் அடங்காது. எதையும் மோந்து பார்க்காமல் விடாது. வீட்டில் நடமாடும் ஒரு காட்டு உயிரோடு பழகுகிறவன், அதைத் தன் விருப்பத்துக்கு மாற்ற நினைப்பதைக் கைவிட்டு, அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொள்கிறான். கிருஷ்ணனின் கலைக்கு முதல் ஆசிரியர் அந்தக் கீரிதான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இரண்டாவது ஆசிரியர்கள் மாநிலக் கல்லூரியில் வாய்த்தார்கள். 1927இல் அங்கே சேர்ந்த கிருஷ்ணனுக்குத் தாவரவியல் கற்பித்தவர் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிய நூல்களால் அறியப்பட்டவர். மாணவரைத் தம்முடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துச் சென்றார். ஃபைசனின் மனைவி நீர்வண்ண ஓவியத்தில் தேர்ந்தவர். அவருடைய முறைகளைக் கிருஷ்ணன் அருகிருந்து கண்டார். ஒரு செடியை வரைய வேண்டுமானால், காம்பிலிருந்து இலை எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். ஓவியப் பள்ளியில் படிக்காத கிருஷ்ணனின் கோட்டோவியங்களில் ஒரு பறவை கிளையைப் பற்றியிருக்கும் விதம் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு இந்தத் தாவரவியல் பயிற்சி ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. சிறு இதழ்களில் எழுதினார். சித்திரங்களும் கேலிச்சித்திரங்களும் வரைந்தார். 1937இல் இந்துமதியை மணந்தார். நிரந்தர வருமானம் என்ற ஒன்று 1942இல்தான் வந்தது. பெல்லாரிக்கு அருகே, மலைகள் சூழ்ந்த சிறிய சமஸ்தானமான சண்டூரின் மன்னர் அவருக்கு வேலை கொடுத்தார். என்ன வேலை என்று ஒரு சொல்லில் கூற இயலாது. பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாக இருந்தார், மன்னரின் அரசியல் செயலராகவும் இருந்தார். சிறு சமஸ்தானங்களில் ஒரே ஆள் பல நாற்காலிகளில் அமர்வது வழக்கந்தான். ஆனால், நீதிபதியாக இருந்தவர் ஆடும் மேய்த்தார் என்பது அவ்வளவு வழக்கமில்லை. கிருஷ்ணன் மேய்த்தார். புறாக்களை வளர்த்து, அவற்றைக் கொண்டு ஓர் அஞ்சல் சேவையை அமைக்கவும் முயன்றார். மற்ற நேரங்களில் சண்டூர்க் காடுகளில் அலைந்தார்.

இந்த ஆடுகளையும் புறாக்களையும் வேடிக்கைத் துணுக்குகளாகச் சொல்லிவிட்டுக் கடந்து போவது எளிது. அவை அவருடைய எழுத்துக்குள் எப்படி வந்தன என்பதே கவனிக்கத்தக்கது. காட்டு விலங்கைப் பற்றி எழுதுபவர் வீட்டு விலங்கை மதிப்பதில்லை. வீட்டு விலங்கைக் கொஞ்சுபவர் காட்டு விலங்கைக் கண்டு அஞ்சுகிறார். கிருஷ்ணனிடம் இந்தப் பிரிவினை இல்லை. யானையை எவ்வளவு கூர்ந்து பார்த்தாரோ அவ்வளவு கூர்மையோடு ஆட்டையும் புறாவையும் பார்த்தார். 1961இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அணில், ஓணான், பல்லி, காகம், வண்ணானின் கழுதை எவையாயினும் அவருக்கு ஒரு கட்டுரைக்குப் போதுமான பொருள். அதே நேரம், அன்பின் பெயரால் விலங்குகளுக்கு மனித உணர்ச்சிகளைப் பூசும் பழக்கத்தை அவர் ஏற்கவில்லை. செல்லப்பிராணி என்ற சொல்லில் இருக்கும் ‘செல்லம்’ அவரிடம் குறைவு, ‘பிராணி’ அதிகம். அதனால் அன்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னை திரும்பினார். வயது 37, குடும்பம் இருந்தது. வேறு வேலை தேடியிருக்கலாம். தேடவில்லை. எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்வதென்று முடிவெடுத்தார். தந்தை ஓய்வூதியக் காலத்தில் செய்ததை மகன் நடுவயதில் செய்தார். அதிலிருக்கும் துணிவை, கடைசித் தேதியில் சம்பளம் வாங்குபவர்கள் எளிதில் அறிய மாட்டார்கள்.

1950இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை எழுதத் தொடங்கினார். இரு வாரங்களுக்கு ஒரு முறை. அது 46 ஆண்டுகள் தொடர்ந்தது. கணக்குப் போட்டால் கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டும். எழுதுவது அவர், உடன்வரும் கோட்டோவியத்தை வரைவது அவர், ஒளிப்படம் எடுப்பதும் இருட்டறையில் அதைக் கழுவி அச்சிடுவதும் அவரே. மயிலாப்பூர் வீட்டில் உட்கார்ந்து, தெருவிலும் தோட்டத்திலும் காட்டிலும் கண்டதை ஒருவர் எழுதியனுப்ப, வங்காளத்து வாசகர்கள் அரை நூற்றாண்டு காலம் அதைக் காத்திருந்து படித்தார்கள். அவரது பக்கத்துத் தெருக்காரர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால் விடை நமக்குப் பெருமை தராது. தமிழில் அவர் எழுதியவை, சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ வழியாக, அவர் மறைந்த பிறகே நூலாகப் பரவலான வாசகர்களை அடைந்தன. தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார், ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’. வாழ்வின் அந்திக் காலத்தில் வெளிவந்த அந்த நூலைப் பார்த்து, யானை டாக்டர்களுக்கும் புலி ஆய்வாளர்களுக்கும் அறிமுகமான கிருஷ்ணனா இவர் என்று வியந்தவர்கள் உண்டு.

அவர் கையாண்ட படக்கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டது அது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்கு ஒரு கம்பீரமான பெயரையும் சூட்டியிருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவருடைய உலகம். முதுமலையில் பழக்கப்பட்ட யானையின் முதுகில் ஏறிக்கொண்டு, காட்டு யானைக் கூட்டங்களுக்கு அருகே சென்று அந்தக் கருவியால் எடுத்த படங்களில், யானையின் தோலிலுள்ள ஒவ்வொரு சுருக்கமும் ஒரு கோடாகத் தெரியும். ஓவியராக இருந்தவர் எடுத்த படம் என்பது அதிலிருந்தே புலப்படும். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் இளம் ஒளிப்படக்காரர்களுக்கு இந்த ஒட்டுப்போட்ட பெட்டியைக் காட்ட வேண்டும்.

1968இல் ஜவாஹர்லால் நேரு நினைவு நல்கை அவருக்குக் கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக 1975இல் நூலாயிற்று. பத்மஸ்ரீ விருதும் வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்திலும், புலிகள் காப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். குழுக்களில் அமரும் சுபாவம் அவருக்கு இல்லை என்பது வேறு செய்தி. தனியாக நடப்பவர், தமக்குச் சரியென்று பட்டதை எவர் முகத்துக்கு முன்னும் சொல்பவர். இது அவருக்கு நண்பர்களை அதிகம் சேர்த்திருக்காது.

அவரோடு உடன்பட முடியாத இடமும் உண்டு. காட்டைக் காக்க வேண்டுமானால் மனிதத் தலையீடு அங்கே அறவே இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காட்டிலேயே தலைமுறைகளாக வாழும் மக்களின் உரிமை பற்றிய இன்றைய விவாதங்களின் முன் அந்த நிலைப்பாடு கடுமையானதாகவே தெரிகிறது. காட்டை அறிந்தவர்கள் அங்கே வாழ்பவர்கள்தான் என்பதற்கு அவர் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆனால், மற்றொரு விஷயத்தில் அவர் நமக்கு முன்னால் நின்றார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் நிலத்திலும், அந்நிலத்துக்கே உரிய செடிகொடிகளிலும் விலங்குகளிலும் இருக்கிறது என்று அவர் கருதினார். மனிதன் படைத்த பண்பாடு காலந்தோறும் மாறும். இவை போனால் திரும்பா. அதனால் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் அயல்நாட்டு மரங்களை நடுவதை விடாமல் எதிர்த்தார். மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையை ஊரெங்கும் நட்டுவிட்டு, இந்த மண்ணின் புரசையும் முள்முருங்கையையும் இலவத்தையும் மறந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார். செந்நிறப் பூதான் வேண்டுமென்றால் இவை மூன்றும் செந்நிறமாகத்தானே பூக்கின்றன? பூத்த இலவ மரத்தில் மைனாவும் காகமும் கரிச்சானும் தேனுக்காகக் கூடும்.

இந்த இடத்தில் மீண்டும் ஒரகடம் சாலைக்கு வர வேண்டியிருக்கிறது. அங்கே பசுமை இல்லாமல் இல்லை. ஆனால், அது எப்படிப்பட்ட பசுமை? மதிலுக்கு உள்ளே தூங்குமூஞ்சியும் செம்மயிற்கொன்றையும் அலங்காரப் பனைகளும். மதிலுக்கு வெளியே ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம். இடையிடையே, யாரும் நடாமலும் யாரும் வெட்டாமலும் தப்பிய பனைமரங்களும் வேம்பும். ஏரிகளால் ஆன நிலம் இது. தெற்கே சில மணி நேரப் பயணத்துக்குள் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே ஊர்மக்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வந்தார்கள். அங்கு கூடு கட்டும் நாரைகளும் நீர்க்காகங்களும் இரை தேட ஓர் ஏரியை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுற்றிலுமுள்ள ஏரிகளும் நெல்வயல்களும் அவற்றுக்கு வேண்டும். ஒரு சரணாலயத்தைக் காப்பதாலேயே அதன் பறவைகளைக் காத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுதப் போகிறவருக்கு ஆலைகளின் முதலீட்டுக் கணக்கு கிடைக்கும். கையகப்படுத்திய நிலத்தின் சர்வே எண்கள் கிடைக்கும். ஏற்றுமதியான கார்களின் எண்ணிக்கை கிடைக்கும். பிள்ளைப்பாக்கத்திலோ வல்லத்திலோ 30 ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதக் காலையில் எந்தெந்தப் பறவைகள் வயலில் இறங்கின என்ற குறிப்பு எங்கே கிடைக்கும்? அதிகாரிகள் எழுதும் குறிப்பன்று அது. தினமும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் பொறுமையுள்ள யாரோ ஒருவர் எழுதுவது. மயிலாப்பூரில் நரி இருந்தது என்று இன்று நாம் நம்புவதற்கு, கிருஷ்ணனைப் போன்றோர் வாழ்க்கை பற்றிய பதிவுகள் இருப்பதும் ஒரு காரணம்.

இப்போது இந்தத் தொழிற்பகுதியில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களும் பெண்களும் பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஒரகடத்துத் தேநீர்க் கடை ஒன்றில், சீருடையோடு வந்த ஓர் இளைஞர் தெருநாய்க்குப் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாய் அவருக்காகவே காத்திருந்தது போலத் தெரிந்தது. அந்த நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்திருப்பது, கிருஷ்ணனின் கணக்கில், ஒரு கட்டுரைக்குப் போதும்.

முதுமையில் கிருஷ்ணன் தம் பேத்திக்காக ஒரு சிறு புத்தகம் செய்தார். ஆங்கில எழுத்து வரிசையில், எழுத்துக்கு ஒன்றாக விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் எதுகையோடு ஒரு சிறு பாட்டும், அவரே வரைந்த படமும். அச்சில் வர வேண்டும் என்று எழுதியதன்று அது. வீட்டுக் குழந்தைக்கு எழுதியது. நூலாக வெளிவந்தது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். அறிக்கைகளிலும் ஆய்வுகளிலும் கறாராக இருந்த மனிதர் அதில் விளையாடுகிறார். 13 வயதில் தந்தையை இழந்தவர், தாம் தாத்தாவான பிறகு ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து விலங்குகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைக்கும் காட்சியை அந்தப் பக்கங்களில் காணலாம்.

பத்தியை அவர் கடைசிவரை நிறுத்தவில்லை. 1996 பிப்ரவரி 18 அன்றும் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவருடைய கட்டுரை வெளியாகியிருந்தது. கல்கத்தாவில் அன்று காலை அதைப் படித்தவர்கள், இரண்டு வாரம் கழித்து அடுத்தது வரும் என்ற நினைப்போடு தாளை மடித்து வைத்திருப்பார்கள்.